நோயாளியைப் பேணுவோரும் அரசாங்க உதவியும்



இம்மாதப் பாடம் கொள்முதலையோ விற்பனையையோ பற்றியதன்று. ஆயினும் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றியது.

கடையில் ஓர் ஊழியர் எட்டு மணி நேரம் நின்றால் அவருடைய சம்பளம் பேரேட்டில் ஏறுகிறது. அதே கடைக்காரரின் வீட்டில், பக்கவாதம் கண்டு படுத்துவிட்ட உம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, இரவில் மூன்று முறை எழுந்து துணி மாற்றும் மகளின் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அவளுக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, சேமநிதியும் இல்லை. "பெற்ற மகள்தானே, செய்யாமல் என்ன?" என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது.

இவ்வாறு வீட்டிலிருந்து நோயாளியைப் பேணுவோருக்கு அரசாங்கம் பொருளுதவி செய்கிறதா? செய்கிறதென்றால் யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில்? அதை வாங்குவது மார்க்கத்துக்கும் மானத்துக்கும் ஒத்ததா? இவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவ்வுதவி பிச்சையன்று, பேணுகின்றவரின் உழைப்பைக் கண்டு சமூகம் செலுத்தும் ஒரு பங்கு. உரியவர்கள் அதைக் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் அதைப் பெற்றுவிட்டதனால் பிள்ளைகளின் கடமை ஒரு காசும் குறைந்துவிடாது.

1. மார்க்கம் காட்டும் அடிப்படை

பெற்றோர் முதுமையடைந்து நம்மிடம் இருக்கும்போது அவர்களைச் சலித்து ஒரு சொல்லும் சொல்லலாகாது என்று திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் கட்டளையிடுவதை மதரஸா வாசலை மிதித்த சிறுவனும் அறிவான். போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், அவருடைய பெற்றோர் உயிருடன் இருப்பதை விசாரித்தறிந்து, அவர்களுக்கு ஊழியம் செய்வதையே அவருக்குரிய போராட்டமாக ஆக்கித் திருப்பி அனுப்பினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். பேணுதல் எவ்வளவு உயர்ந்த அமல் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

ஆனால் அந்தக் கடமை யார்மீது சுமத்தப்பட்டிருக்கிறது என்ற இடத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். தேவையுள்ள பெற்றோருக்குச் செலவு செய்வது வசதியுள்ள பிள்ளைகள்மீது கடமை. ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். மாமனார் மாமியாரைப் பேணுவது மருமகள்மீது சட்டப்படி விதிக்கப்பட்ட கடமையன்று. அவள் செய்தால் அது அவளுடைய இஹ்ஸான், பேருபகாரம். நடப்பில் நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். மகன் கடைக்குப் போகிறான், மருமகள் பேணுகிறாள், ஊர் மகனைப் புகழ்கிறது.

அன்பினால் செய்யும் வேலைக்குப் பணம் வாங்கலாமா என்ற கேள்விக்கும் திருமறையில் வெளிச்சம் இருக்கிறது. மணவிலக்குப் பெற்ற தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டினால், அதற்குரிய ஊதியத்தைத் தகப்பன் கொடுக்கவேண்டும் என்று அத்தலாக் அத்தியாயம் விதி செய்கிறது. பெற்ற தாயின் பாசத்தைவிடத் தூய்மையான பாசம் எது? அப்பாசத்தோடு செய்யும் வேலைக்கும் ஊதியம் வகுத்த மார்க்கம் இது. எனவே பேணுகின்றவர் உதவித்தொகை பெறுவதால் அவருடைய நன்மை கெட்டுவிடும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை.

அரசாங்கம் இதில் தலையிடுவதும் நமக்குப் புதிதன்று. வீதியில் கையேந்திய ஒரு யூதக் கிழவரைக் கண்டு, கலீபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவி ஏற்படுத்திய செய்தியை இமாம் அபூயூசுப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிந்திருக்கிறார். கி.பி. 705 முதல் 715 வரை திமிஷ்கிலிருந்து ஆண்ட உமையாக் கலீபா முதலாம் வலீத், நடக்க இயலாதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், கண்ணிழந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் ஏற்படுத்தி, மக்களிடம் கையேந்தாமல் இருக்கச் செய்ததாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பேணுதலை அரசாங்கத்தின் செலவினங்களில் ஒன்றாக எழுதிய சமுதாயம் நம்முடையது. இதை மறந்துவிட்டு, சமூகநல இலாகாவின் படியேறுவதை இழிவென்று நினைப்பது நம் அறியாமையே.

2. பினாங்கில் நம் நிலைமை மாறிய விதம்

நம் முன்னோர் சபராளிகளாக இத்தீவுக்கு வந்தார்கள். ஆண்கள் இங்கே, குடும்பம் ஊரில். உடல் தளர்ந்ததும் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அங்கே கூட்டுக் குடும்பத்துப் பெண்கள் அவர்களைக் கடைசிவரை பேணினார்கள். ஆகவே முதியவரைப் பேணும் பாரம் பினாங்கின் கடைத்தெருவுக்கு அதிகம் தெரியாமலே இருந்தது.

1953-இல் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் இறுகின. 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றது. குடியுரிமை பெற்றோர் இங்கேயே குடும்பமாக வேரூன்றினர். முதுமையும் நோயும் அவர்களுடன் இங்கேயே தங்கின. அப்போதும் ஒரு வசதி இருந்தது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் கீழே வியாபாரம், மேலே குடும்பம். பக்கத்து வீட்டில் சாச்சா, எதிர்வரிசையில் மாமி. ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி வந்து உட்காருவாள்.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்துச் செய்யப்பட்டு, 1999 இறுதியோடு அதன் பாதுகாப்பு நீங்கியது. வாடகை ஏறியதும் எத்தனையோ குடும்பங்கள் நகரின் நடுவை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. இப்போது நோயாளி ஒரு மாடியில். உறவினர் வேறொரு பேட்டையில். நால்வர் பகிர்ந்த பாரம் ஒருவர் தலையில் விழுந்துவிட்டது. குடும்பங்கள் சிறுத்துவிட்டன, மருத்துவத்தின் முன்னேற்றத்தால் நோயாளிகள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். மலேசியாவில் முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களுள் பினாங்கும் ஒன்று என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாடு முழுவதும் இதே கதைதான். வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் தொழிலில் இருக்க, பெண்களில் சுமார் 56 பேரே இருக்கிறார்கள். வேலைக்குப் போகாத பெண்கள் சொல்லும் முதற்காரணம் வீட்டுப் பொறுப்பு என்று புள்ளிவிவர இலாகாவின் அறிக்கைகள் காட்டிவருகின்றன. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு குழந்தைகளையும் முதியோரையும் பேணுவதே.

3. பிற நாடுகளில் இவ்வுதவி பிறந்த கதை

பிரிட்டனில் மேரி வெப்ஸ்டர் என்னும் கிறிஸ்தவ போதகர் ஒருவர் இருந்தார். மணமாகாதவர். மூப்படைந்த பெற்றோரைப் பேணுவதற்காக 1954-இல் தம் ஊழியத்தை விட்டு வீட்டிலிருந்தார். தம்மைப்போல் எத்தனையோ பெண்கள் வருமானமின்றி, ஓய்வூதியமின்றி, பெற்றோர் இறந்தபின் போக்கிடமின்றி நிற்பதை 1963-இல் பத்திரிகைகளுக்கு எழுதினார். கடிதங்கள் வந்து குவிந்தன. 1965-இல் இதற்கென்றே ஒரு சங்கம் உருவாயிற்று. அச்சங்கம் தொடங்கிவைத்த இயக்கத்தின் பயனாக, பேணுவதற்காக வேலையை விட்டவருக்கு வாரந்தோறும் ஒரு தொகை கொடுக்கும் திட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மணமான பெண்களுக்கு அத்தொகை கிடையாது. எப்படியும் வீட்டில் இருக்கப்போகிறவர்கள்தானே என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி, நோயுற்ற தம் தாயைப் பேணுவதற்காக 1984-இல் வேலையை விட்டவர், இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 1986 ஜூன் 24-ஆம் தேதி தீர்ப்பு அவர் பக்கம் ஆயிற்று. தீர்ப்புக்கு முந்திய நாளே, மணமான பெண்களுக்கும் அத்தொகை உண்டு என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்துவிட்டது. இன்று அது ஆண், பெண் இருபாலாருக்கும் உரியது. வாரத்துக்கு 35 மணி நேரம் பேணுகின்றவருக்கு, 2025 ஏப்ரல் கணக்குப்படி, வாரம் 83 பவுன் 30 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது.

"எப்படியும் வீட்டில் இருக்கப்போகிறவள்தானே" என்ற அந்த வாசகத்தை லண்டன் அதிகாரிகள் மட்டுந்தானா சொன்னார்கள்? நம் வீடுகளிலும் அன்றாடம் கேட்கும் சொல் அல்லவா அது?

ஜெர்மனி 1995-இல் பராமரிப்புக் காப்பீடு ஒன்றை ஏற்படுத்தியது. நோயாளி, வெளியாள் ஒருவரின் சேவையைப் பெறலாம். அல்லது வீட்டாரே பேணினால் ரொக்கமாகப் பெறலாம். பேணுகின்ற உறவினருக்காக ஓய்வூதியச் சந்தாவையும் அக்காப்பீடு செலுத்துகிறது. ஜப்பான் 2000-இல் இதேபோன்ற காப்பீட்டைத் தொடங்கியபோது வேறு வழியில் போயிற்று. குடும்பத்தாருக்கு ரொக்கம் கொடுத்தால் பெண்கள் வீட்டோடு கட்டுண்டுவிடுவார்கள் என்ற வாதம் அங்கே வலுத்தது. ஆகவே பணத்துக்குப் பதிலாகச் சேவையையே கொடுத்தார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. பணம் மட்டும் போதாது. கைமாற்ற ஆளும் வேண்டும்.

நம் அண்டையிலுள்ள சிங்கப்பூர் 2019 அக்டோபரில் வீட்டுப் பராமரிப்பு மானியம் ஒன்றை மாதம் 200 டாலராகத் தொடங்கி, 2023 மார்ச்சில் 400 டாலர்வரை உயர்த்தியது. உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், கழிவறைக்குப் போதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து எழுந்து மாறியமர்தல் என்ற ஆறில், மூன்றுக்காவது நிரந்தரமாகப் பிறர் துணை தேவைப்படுவோர் அதற்குரியவர். கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தின்கீழ், படுத்த படுக்கையானவரைப் பேணும் உறவினருக்கு மாதம் 600 ரூபாய் வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் கடும் ஊனமுற்றோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஊரில் இப்படிப்பட்ட உறவினரை வைத்திருப்போர், மாதாமாதம் பணம் அனுப்புவதோடு நில்லாமல், அவர்கள் மனுச் செய்தார்களா என்றும் விசாரிக்கவேண்டும்.

4. மலேசியாவில் உள்ள வழிகள்

நிற்க. நம் நாட்டில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

(அ) சமூகநல இலாகா. படுத்த படுக்கையாகிவிட்ட ஊனமுற்றோரையோ, நாள்பட்ட நோயாளியையோ முழுநேரமாகப் பேணுகின்றவருக்காகவே ஏற்பட்ட மாதாந்திர உதவி ஒன்று இவ்விலாகாவில் உண்டு. 'பந்துவான் பெஞ்சாகாஆன் ஓ.கே.யூ. தெர்லந்தார், பெசாக்கிட் குரோனிக் தெர்லந்தார்' என்பது அதன் மலாய்ப் பெயர். அலுவலகத்தில் இப்பெயரைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் நேராது. இத்தொகை 2021-இல் மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இதற்குரிய முக்கிய நிபந்தனைகள் நான்கு. நோயாளி மலேசியக் குடிமகனாக இருக்கவேண்டும். அவர் இல்லத்தில் இருக்கவேண்டும். பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கப்பட்டவருக்கு இது பொருந்தாது. படுக்கை நிலையை மருத்துவர் உறுதி செய்யவேண்டும். குடும்ப வருமானம் இலாகா வகுத்த வரம்புக்குள் இருக்கவேண்டும். நான்காவது நிபந்தனையால் வசதியுள்ள வியாபாரிகளின் வீடுகளுக்கு இது கிடைக்காது. ஆனால் கடையில் வேலை செய்யும் ஊழியர்களின் வீடுகளுக்கும், அங்காடி வைத்துப் பிழைப்போருக்கும், கணவனை இழந்த நம் சகோதரிகளுக்கும் கிடைக்கக்கூடும்.

பேணுவாருக்கன்றி முதியவருக்கே உரிய உதவி வேறு உண்டு. 60 வயது கடந்து, வருமானமும் ஆதரவும் இல்லாத முதியோருக்கான மாதாந்திர உதவி 2021-இல் 500 வெள்ளியாயிற்று. 2025-இல் 600 வெள்ளியாக உயர்ந்தது. எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை இலாகா அதிகாரி விசாரித்து முடிவு செய்வார். ஜார்ஜ் டவுன்வாசிகளுக்கு உரியது வடகிழக்கு மாவட்டச் சமூகநல அலுவலகம். விவரம் கேட்க 15999 என்ற 'தாலியான் காசே' தொலைபேசி எண்ணும் உண்டு.

மனுவுடன் பொதுவாகக் கேட்கப்படுபவை: நோயாளி, பேணுபவர் இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், மருத்துவரின் அறிக்கை, குடும்ப வருமானத்துக்கு அத்தாட்சி, வங்கிக் கணக்கு விவரம். மனுவுக்கு முன்பே நோயாளியை 2008-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின்கீழ் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெற்றுவைப்பது நலம். அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்குக்கும் அவ்வட்டை உதவும். நோயாளி மௌத்தானாலும், நிலையத்தில் சேர்க்கப்பட்டாலும் உடனே இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் வாங்கும் பணம் நம் ஹக்கு அன்று.

(ஆ) சொக்சோ. வியாபாரிகள் மிகவும் கவனிக்கவேண்டியது இது. 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நிரந்தரமாக முற்றும் செயலிழந்தவருக்கும், நோயினால் வேலை செய்ய இயலாமல் ஓய்வூதியம் பெறுபவருக்கும், எப்பொழுதும் ஒருவர் துணை தேவையென்று மருத்துவக் குழு சான்றளித்தால், இடையறாப் பணிவிடைப் படி என்ற பெயரில் மாதம் 500 வெள்ளி வழங்கப்படுகிறது. ஏழையா பணக்காரரா என்ற கேள்வி இங்கே இல்லை. சந்தா செலுத்தியவர் என்பதே தகுதி.

ஆகவே கடையில் வேலை செய்பவர்களை, அவர்கள் மகனாயினும் மருமகனாயினும், முறையாகப் பதிந்து மாதாமாதம் சந்தா கட்டுவது முதலாளியின் கடமை. 'நம்ம பையன்தானே' என்று விட்டுவிட்டால், நாளை அவன் படுத்துவிட்டபோது அவனைப் பேணும் பெண்ணின் வாயில் மண்ணைப் போட்டவர்கள் நாமே ஆவோம். 2019 ஜனவரி முதல் அயல்நாட்டு ஊழியர்களும் இவ்வாரியத்தின் விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து அழைத்துவந்த பணியாளருக்கும் இது பொருந்தும்.

முதலாளி ஊழியர் அல்லவே, அவருக்கு என்ன வழி? சுயதொழில் செய்வோருக்காக 2017-இல் தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கென்று தொடங்கி, பின்னர் அங்காடிக்காரர்கள், சிறு வியாபாரிகள் முதலியோருக்கும் விரிக்கப்பட்டது. தொழில் செய்கையில் நேரும் விபத்துக்கும் தொழில்வழி வரும் நோய்க்குமே இது பாதுகாப்பு. வீட்டில் படுத்திருக்கையில் வரும் பக்கவாதத்துக்கு இது உதவாது என்பதை மனத்தில் வைத்து, வேறு சேமிப்பும் செய்துகொள்ளவேண்டும்.

பேணுகின்ற பெண்ணே விழுந்துவிட்டால்? நோயாளியைத் தூக்குகையில் இடுப்பு முறிவதும், குளியலறையில் வழுக்கி விழுவதும் நடக்கக்கூடியவை. 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிக்காக ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா செலுத்தலாம். வீட்டு விபத்துக்கும், நோயினால் செயலிழப்பதற்கும் அது பாதுகாப்பு. மாதத்துக்குப் பத்து வெள்ளி! கடையில் ஒரு நாள் தேநீர்ச் செலவுக்கும் ஆகாத இத்தொகையைச் செலுத்தாத வியாபாரி யாரும் இருக்கலாகாது.

(இ) வருமான வரி. பெற்றோரின் மருத்துவம், விசேஷத் தேவை, பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செய்த செலவில் 8,000 வெள்ளிவரை 2021 வரியாண்டு முதல் கழிவு உண்டு. 2025 வரியாண்டில் பாட்டன் பாட்டியின் செலவும் சேர்க்கப்பட்டது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பராமரிப்பாளருக்குக் கொடுத்த ஊதியத்தைக் காட்டலாம். ஆனால் அப்பராமரிப்பாளர் வரி செலுத்துபவராகவோ, அவருடைய மனைவி அல்லது கணவனாகவோ, பிள்ளையாகவோ இருத்தல் கூடாது. கூலிக்கு வரும் வெளியாளின் உழைப்பு வரிக் கணக்கில் தெரிகிறது. வீட்டுப் பெண்ணின் உழைப்பு தெரிவதில்லை. சட்டத்திலும் நம் பேரேட்டிலுள்ள அதே வெற்றிடம்தான்.

5. ஐந்நூறு வெள்ளியின் கணக்கு

நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அதே விகிதத்தில் 500 வெள்ளிக்கு எத்தனை மணி நேர உழைப்பு வாங்கலாம்? மாதம் முழுவதற்கும் சுமார் 57 மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்பது செவிலியர் சொல்லும் பொது விதி. அப்படியானால் நாளின் இருபத்து நான்கு மணியில் இருபத்திரண்டு மணி, பேணுகின்றவரின் கொடை.

அத்தொகையிலிருந்தே பேம்பர்ஸ், பால்மாவு, மருந்துப் பூச்சு, மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிச் செலவு எல்லாம் போகும். பேணுகின்றவரின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆகவே இந்த உதவியைக் கூலி என்று சொல்வது சரியன்று. ஒரு கை கொடுப்பு என்றே சொல்லலாம். இதைக் கொண்டு, "அரசாங்கந்தான் கொடுக்கிறதே" என்று அண்ணன் தம்பிமார் தம் பங்கை நிறுத்திக்கொள்வார்களானால், அரசாங்கம் நோயாளிக்காகக் கொடுத்த பணம் அவர்களுடைய பையில் போய்ச் சேர்ந்ததாகவே பொருள்.

6. நாம் செய்யவேண்டியவை

முதலாவது: உதவித்தொகை வந்தால் அதைப் பேணுகின்றவரின் கையில் கொடுங்கள். வீட்டு வாடகையோடும் மின்சாரச் செலவோடும் அதைக் கலந்துவிடாதீர்கள். நோயாளியின் செலவைப் பிள்ளைகள் தம் பணத்திலிருந்து செய்யட்டும்.

இரண்டாவது: உதவி கிடைக்காத வசதியுள்ள வீடுகளில், சகோதரர்கள் கூடியமர்ந்து ஒரு தொகையை நிர்ணயித்து எழுதிக்கொள்ளுங்கள். உம்மாவைப் பேணும் ராத்தாவுக்கு மாதம் இவ்வளவு, இன்னார் இவ்வளவு என்று. எழுதாத கணக்கு சண்டையில் முடியும் என்பதை வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி திருமறை நமக்குக் கற்பித்திருப்பதும் இதற்காகவே.

மூன்றாவது: வேலையை விட்டுப் பேணுகின்றவரின் முதுமையையும் எண்ணுங்கள். ஊழியர் சேமநிதி வாரியத்தின் 'ஐ-சாராஆன்' திட்டத்தில், நிலையான சம்பளம் இல்லாத 60 வயதுக்குட்பட்டவர் தாமே சந்தா செலுத்தலாம். 2025 கணக்குப்படி, செலுத்தும் தொகையில் நூற்றுக்கு 20 வீதம், ஆண்டுக்கு 500 வெள்ளிவரை, அரசாங்கம் தன் பங்காகச் சேர்க்கிறது. ஆண்டுக்கு 2,500 வெள்ளி நீங்கள் போட்டால் 500 வெள்ளி சேரும். உம்மாவைப் பேணிய தங்கைக்குச் சகோதரர்கள் செய்யக்கூடிய நன்றிக்கடன் இதைவிடச் சிறந்தது எது?

நான்காவது: ஓய்வு கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை, கடையை ஆளிடம் விட்டுவிட்டு மகன் நோயாளியின் அருகே அமரட்டும். ஜப்பானியர் கண்ட உண்மை இதுதான்: பணம் கொடுத்தாலும், மாற்றுக்கு ஆள் இல்லாதவர் சிறைப்பட்டவரே.

ஐந்தாவது: சங்கத்தின் வேலை. மனு எழுதத் தெரியாமலும், மலாய்ப் படிவத்துக்கு அஞ்சியும், வெட்கப்பட்டும் ஒதுங்கியிருப்போர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். நம் இளைஞர்கள் அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் படிவத்தை நிரப்பி, அலுவலகத்துக்கு உடன் செல்லவேண்டும். அரசாங்க உதவிக்கு வருமான வரம்பு சற்றுக் கடந்தவரின் நிலைமையை ஜக்காத் நிர்வாகத்தாரின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். ஏழை எளியவர், கடன்பட்டவர் முதலிய எட்டு வகையாரில் எவரேனும் நம் கண்ணெதிரே இருக்க, அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருப்பது அழகன்று. கேட்க வெட்கப்படுவோரைத் தேடிச் சென்று கொடுப்பதே நம் பெரியோர் காட்டிய வழி.

7. கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

(1) மாமியாரைப் பேணும் மருமகளின் சேவையை மார்க்கச் சட்டம் எந்த வகையில் வைக்கிறது? நம் வீட்டு நடைமுறை அதற்கு ஒத்திருக்கிறதா?

(2) பிரிட்டனில் 1976 முதல் 1986 வரை மணமான பெண்களுக்கு உதவி மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? அது ஏன் செல்லாது?

(3) சமூகநல இலாகாவின் உதவிக்கும் சொக்சோவின் படிக்கும் உள்ள முக்கிய வேற்றுமை யாது?

(4) உங்கள் கடையில் வேலை செய்வோர் அனைவரும் சொக்சோவில் பதியப்பட்டிருக்கிறார்களா? உங்கள் வீட்டு இல்லத்தரசிக்கு ஆண்டுச் சந்தா செலுத்தப்பட்டதா?

(5) உங்கள் மஹல்லாவில் படுத்த படுக்கையாக இருப்போர் எத்தனை பேர்? அவர்களைப் பேணுவோர் யார்?

கடைசி வினாவுக்கு வாயால் விடை சொன்னால் போதாது. அடுத்த கூட்டத்துக்கு வருவோர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்காவது போய் விசாரித்து, அவ்வீட்டாரின் சம்மதத்தோடு விவரம் குறித்து வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு நீடித்த பொறுமையையும் உடல் வலுவையும், நமக்கு அவர்களுடைய ஹக்கை அறிந்து நிறைவேற்றும் நற்பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.